ஆறு காத்த கணக்கேடு

"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். பொருள் போனாலும் அதன் கணக்குப் போகலாகாது என்பது அம்மொழியின் உட்பொருள். சீன நாட்டிலே ஒரு பேரரசின் பெருஞ் செல்வம் மெய்யாகவே ஆற்றிலே போயிற்று. 1646ஆம் ஆண்டு போர்முனையில் மரக்கலங்களோடு மூழ்கிய அச்செல்வம் ஏறத்தாழ 370 ஆண்டுகள் மணலுக்குள் உறங்கிக் கிடந்தது. 2017ஆம் ஆண்டிலே ஆராய்ச்சியாளர் ஆற்றின் ஒரு பகுதியை மறித்து, நீரை இறைத்து, மணலை அகற்றிப் பார்த்தபோது, அங்கே கிடந்த வெள்ளிக் கட்டிகள் பலவற்றில் எழுத்துக்கள் வெட்டப்பட்டிருந்தன. எந்த மாவட்டத்து வெள்ளி, எந்த வரிக்காகத் தண்டப்பட்டது, நிறை எவ்வளவு, உருக்கி வார்த்த தட்டான் யார் என்பன அவற்றிலே பதிந்திருந்தன. போட்டவர் அளந்து போடவில்லை. ஆயினும் கொடுத்தவரிடமிருந்து அளந்தே வாங்கியிருந்தனர். அந்தக் கணக்கைப் படித்துப் பார்ப்பதே இவ்வாரம் நமது நோக்கம்.

சீன வரலாறு என்றதும் நம் மாணாக்கர் நினைவுக்கு வருவன பெருஞ்சுவரும், பட்டும், பீங்கானும், ஒன்றன்பின் ஒன்றாக மனனஞ் செய்த அரச வமிசங்களின் பெயர்களுமேயாம். அவ்வமிசங்களுள் மிங் வமிசம் 1368 முதல் 1644 வரை, 276 ஆண்டுகள், ஆட்சி புரிந்தது. பீக்கிங் என்று நமது பழைய பாடப் புத்தகங்கள் கூறிய பெய்ஜிங் நகரத்து அரண்மனையை எழுப்பியதும், பெருஞ்சுவரை இன்று நாம் படங்களிற் காணும் உருவிற் கட்டியதும் அவ்வமிசமே. அத்துணைச் செல்வம் படைத்த அரசு, கடைசியில் படைவீரருக்கு வேதனம் கொடுக்க வெள்ளியில்லாமல் வீழ்ந்தது என்றால் நம்புவது அரிதாகத் தோன்றும். அவ்வெள்ளியெல்லாம் எங்கே போயிற்று? அவ்வினாவுக்கு ஒரு கல்லறை, ஒரு நகரம், ஓர் ஆறு ஆகிய மூன்றும் மண்ணுக்குள்ளிருந்து விடை தந்திருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

வெள்ளியால் அளந்த அரசு

முதலிற் குடியானவன் எவ்வாறு வரி செலுத்தினான் என்பதை அறிதல் வேண்டும். மிங் காலத்தின் தொடக்கத்தில் வரி பெரும்பாலும் தானியமாகவும், துணியாகவும், உடலுழைப்பாகவுமே இருந்தது. காலப்போக்கில் அவையெல்லாம் ஒன்றாக்கப்பட்டு வெள்ளியாகச் செலுத்தும் முறை வந்தது. சாங் சூசெங் என்னும் முதன்மை அமைச்சர் 1581ஆம் ஆண்டில் அம்முறையை நாடெங்கும் நடைமுறைப்படுத்தினார். கணக்கெழுதும் உத்தியோகத்தருக்கு அது எளிதாயிற்று. ஆனாற் குடியானவன் வயலில் வெள்ளி விளைவதில்லை. அறுவடை முடிந்தவுடன், எல்லாரும் விற்கின்ற காலத்திலே, விலை தாழ்ந்து கிடக்கும்போது, தன் தானியத்தை விற்று வெள்ளித் துண்டுகளை வாங்கி அவன் வரிசெலுத்த வேண்டியதாயிற்று.

சீன நாட்டிலே வெள்ளிச் சுரங்கங்கள் மிகக் குறைவு. ஆகவே அந்நாட்டுப் பட்டுக்கும் பீங்கானுக்கும் விலையாக யப்பானிலிருந்தும், ஸ்பானியர் ஆண்ட அமெரிக்க நாடுகளிலிருந்து மணிலாத் துறைமுகத்தின் வழியாகவும் வெள்ளி வந்து குவிந்தது. தென்னமெரிக்க மலையில் வெட்டிய வெள்ளி, கடல் பல கடந்து, சீனக் குடியானவன் கைக்கு வந்து, அவன் கையில் ஒரு பொழுதும் தங்காமல் வரியாகப் போயிற்று.

அக்காலத்து நிறைக்கு லியாங் என்று பெயர். ஒரு லியாங் ஏறத்தாழ 37 கிராம். நமது வழக்கிற் சொன்னால் நாலரைப் பவுணுக்குச் சற்று மேல். குடிகளிடம் தண்டிய சிறு துண்டுகளை உருக்கி 50 லியாங் நிறையுள்ள பெருங் கட்டிகளாக வார்ப்பர். அக்கட்டி ஒன்று ஏறத்தாழ நான்கு இறாத்தல் இருக்கும். வடிவிற் சிறு தோணியை ஒக்கும். வார்த்தவன் கலப்படம் செய்தாலோ, நிறையைக் குறைத்தாலோ பிடிபடவேண்டும் என்பதற்காக ஊர், வரி, ஆண்டு, உத்தியோகத்தர், தட்டான் ஆகிய விவரங்களை அதன்மேல் வெட்டுவர். திருட்டைத் தடுக்க எழுதிய அவ்வெழுத்தே பிற்காலத்தார் படிக்கும் வரலாறாயிற்று.

நிலத்தடி அரண்மனை

இனிக் கல்லறைக்கு வருவோம். வான்லி சக்கரவர்த்தி 1572ஆம் ஆண்டிற் சிறுவனாக அரியணை ஏறி, 1620ஆம் ஆண்டு வரை 48 ஆண்டுகள் ஆண்டார். இருபது வயது கடந்த சிறிது காலத்திலேயே, 1584ஆம் ஆண்டில், தமக்கெனக் கல்லறை கட்டத் தொடங்கினார். திங்லிங் எனப்படும் அக்கல்லறை 1590இல் முடிந்தது. செலவு 80 இலட்சம் லியாங். ஏறத்தாழ 300 தொன் வெள்ளி இது. அரசின் ஈராண்டு நிலவரிக்கு இது ஈடாகும் என மதிப்பிடுவர். முப்பது ஆண்டுகள் அது வெறுமையாகவே தன் தலைவனுக்காகக் காத்திருந்தது. இதற்கிடையில் சக்கரவர்த்தி அரசவைக்கு வருவதை அறவே குறைத்துக்கொண்டார். பதவி வெற்றிடங்கள் நிரப்பப்படாமற் கிடந்தன. 1596ஆம் ஆண்டு முதல் சுரங்கவரி, வாணிபவரி என்ற பெயர்களில் அரண்மனை ஊழியரை நாடெங்கும் அனுப்பி வெள்ளி திரட்டினார். அவ்வெள்ளி பொதுத் திறைசேரிக்குச் செல்லாமல் அரண்மனைப் பேழைக்கே சென்றது.

1956ஆம் ஆண்டு இக்கல்லறையை அகழத் தொடங்கினர். வரலாற்றறிஞரும் பெய்ஜிங் நகரத் துணைமுதல்வருமாகிய வூ ஹான், எழுத்தாளர் குவோ மோரோ முதலியோர் அதனை ஊக்கினர். செங் செந்துவோ, சியா நை ஆகிய தொல்பொருள் அறிஞரோ, நுண்ணிய பொருள்களைப் பேணுங் கலை இன்னும் போதிய அளவு வளரவில்லை என்று கூறித் தடுத்தனர். தடை செல்லவில்லை. மலைபோன்ற மண்மேட்டில் வாயில் எங்கேயென்று தேடியவர்க்கு ஒரு சிறு கல் கிடைத்தது. அடைப்புச் சுவர் அவ்விடத்திலிருந்து எத்தனை அளவு தூரத்தில், எத்தனை ஆழத்தில் இருக்கின்றது என்று அதிலே எழுதியிருந்தது. சக்கரவர்த்திக்கு முன் இறந்தால் அரசிக்காகவோ, பின் இறந்தால் அவளுக்காகவோ மீண்டும் திறக்க நேருமன்றோ? அதற்காகத் தொழிலாளர் வைத்த அடையாளமே அது.

1957ஆம் ஆண்டு கதவுகள் திறந்தன. 27 மீற்றர் ஆழத்திலே, விட்டமோ தூணோ இல்லாத கல்வளைவு மண்டபங்கள் ஐந்து இருந்தன. சக்கரவர்த்தியும் அரசியர் இருவரும் அங்கே கிடந்தனர். பொன்னிழையாற் பின்னிய முடியும், நீலமணியும் முத்தும் பதித்த அரசியர் முடிகளும், பட்டுச் சுருள்களுமாக ஏறத்தாழ 3,000 பொருள்கள் வெளிவந்தன. பொன் பொன்னாகவே இருந்தது. பட்டின் கதி வேறு. காற்றும் ஒளியும் பட்டவுடன் நிறம் மங்கி, இழை இறுகி, தொட்டால் நொறுங்கும் நிலையை அடைந்தது. காப்பதற்கெனப் பூசிய மருந்துகள் கேட்டையே மிகுவித்தன. அவ்வேளையில் எழுந்த அரசியல் இயக்கத்தின் பொருட்டு ஆய்வாளரும் பணியினின்று இழுக்கப்பட்டனர். நூற்றுக்கணக்கான பட்டுகளில் முழுமையாக எஞ்சியவை மிகச் சில.

துன்பம் அதனோடு நிற்கவில்லை. மூல மரப்பெட்டிகள் 1959ஆம் ஆண்டிலே பழையன என்று புறத்தே எறியப்பட்டன. 1966ஆம் ஆண்டு கலாசாரப் புரட்சியிலே செங்காவலர் எனப்பட்ட இளைஞர், சக்கரவர்த்தியின் எலும்புகளையும் அரசியர் எலும்புகளையும் வெளியே இழுத்து எரித்தனர். கல்லறையைத் திறக்கத் தூண்டிய வூ ஹான் 1969ஆம் ஆண்டு சிறையில் மாண்டார். அரச கல்லறைகளை ஆராய்ச்சிக்காக வேண்டுமென்று திறப்பதில்லை என்ற கொள்கையைச் சீன அரசாங்கம் அதன்பின் மேற்கொண்டது. சியான் நகரத்தருகே முதற் பேரரசரின் கல்லறை மேடு இன்றும் திறவாமலிருப்பதற்கு இந்தக் கசப்பான பட்டறிவும் ஒரு காரணம்.

மண்ணுக்குள் அனுப்பிய அவ்வெள்ளியாற் சக்கரவர்த்திக்கு நேர்ந்த பயன் இவ்வளவே. நாட்டிற்கு நேர்ந்த கேட்டை அறிய அவருடைய பிள்ளையின் கதையைப் பார்த்தல் வேண்டும்.

கொடாத இளவரசனும் கொடுத்த இளவரசனும்

வான்லிக்கு மிக விருப்பமான மகன் சூ சாங்சுன். அவனையே பட்டத்துக்குரியவனாக்க விரும்பிய தந்தை, அமைச்சர் எதிர்ப்பினால் அது இயலாமற் போகவே, பூ நாட்டு இளவரசன் என்னும் பட்டத்தையும், லொயாங் நகரிற் பெருமாளிகையையும், திருமணத்துக்கு மட்டும் 3 இலட்சம் லியாங்கையும் வழங்கினார்.

1620களின் இறுதியிலே வடமேற்குச் சீனத்தில் மழை பொய்த்தது, பஞ்சம் மூண்டது. வடகிழக்கில் மஞ்சூரியருடன் போர். அப்போருக்கென 1618ஆம் ஆண்டு முதல் நிலவரியின்மேல் மிகைவரி சுமத்தினர். எல்லைக் காவற் படைக்கு வேதனம் மாதக்கணக்கிற் கிடைக்கவில்லை. செலவைச் சுருக்குவோம் என்று அரச அஞ்சற் சேவையிற் பணியாற்றியோரை 1629ஆம் ஆண்டு அரசு நீக்கியது. அவ்வாறு வேலையிழந்தவர்களுள் ஒருவன் லீ ஸிச்செங். வேதனமில்லாத படைவீரராய் இருந்து கிளர்ந்தோருள் ஒருவன் சாங் சியான்சோங். இருவரும் 1606ஆம் ஆண்டிற் பிறந்தவர்கள், ஒரே மாகாணத்தவர்கள். சில இலட்சம் லியாங் மிச்சப்படுத்தச் சென்ற அரசு, தன்னை வீழ்த்தும் படைத்தலைவர்களைத் தானே தெருவிற் கொணர்ந்து விட்டது.

1641ஆம் ஆண்டு லீயின் படை லொயாங் நகரை நெருங்கியது. இளவரசன் மாளிகையிற் பொன்னும் தானியமும் நிறைந்திருக்க, நாமோ வெறும் வயிற்றோடு சாகப் போகின்றோம் என்று அவ்வழியே சென்ற அரச படைவீரர் குமுறியதாக மிங் வமிச வரலாற்று நூல் கூறுகின்றது. களஞ்சியத்தைத் திறக்குமாறு முதிய அமைச்சர் ஒருவர் வேண்டினார். இளவரசன் கேட்கவில்லை. நகரம் வீழ்ந்தது, இளவரசன் கொல்லப்பட்டான், களஞ்சியம் பகைவரால் திறக்கப்பட்டது.

லொயாங்குக்குக் கிழக்கே மஞ்சளாற்றின் கரையிலுள்ளது கைபெங் நகரம். அங்கிருந்த சூ நாட்டு இளவரசன் இதற்கு நேர்மாறாக நடந்தான். தன் மாளிகை வெள்ளியை வெளியே எடுத்துப் போர் புரிவோர்க்கு வாரி வழங்கினான். நகரமும் இரண்டு முற்றுகைகளைத் தாங்கி நின்றது. மூன்றாம் முற்றுகை 1642ஆம் ஆண்டின் நடுவிலே தொடங்கி மாதக்கணக்கில் நீண்டது. பொன்னைக் கொடுத்தாலும் ஒரு பிடி தானியம் கிடையாத நிலை வந்தது. ஒக்டோபர் மாதத்திலே மஞ்சளாற்றின் அணைகள் உடைக்கப்பட்டன. உடைத்தவர் யார் என்பதில் இரு தரப்பாரும் ஒருவரையொருவர் குற்றஞ் சாட்டினர். ஆறு நகருள் புகுந்தது. இலட்சக்கணக்கானோர் பசியாலும் வெள்ளத்தாலும் மாண்டனர். இளவரசன் படகேறித் தப்பினான். அவன் காக்க விரும்பிய நகரம் தப்பவில்லை. வெள்ளி உதவுங் காலம் ஒன்றுண்டு; அது கடந்தபின் எவ்வளவு கொடுத்தாலும் பயனில்லை என்பதற்குக் கைபெங் சான்றாயிற்று.

நகருக்குக் கீழே நகர்

மஞ்சளாறு தன் நீரோடு பெருமளவு வண்டல் மண்ணைச் சுமந்து வருகின்றது. அவ்வண்டல் படிந்து படிந்து ஆற்றின் படுகை உயர்ந்து, கைபெங் அருகே ஆறு நகரத்து நிலமட்டத்துக்கும் மேலே பல மீற்றர் உயரத்திற் கரைகளுக்கிடையே ஓடுகின்றது. கரை உடையும்போதெல்லாம் நகரம் சேற்றுக்குள் மறையும். எஞ்சிய மக்கள் அதே இடத்தில், அந்தச் சேற்றின்மேல், மீண்டும் நகரம் கட்டுவர்.

1981ஆம் ஆண்டில் நகரத்துப் பூங்காவிலுள்ள ஏரியைத் தூர்வாரியபோது, மிங் காலத்து இளவரசன் மாளிகையின் அத்திவாரம் வெளிப்பட்டது. மேலும் ஆராய்ந்ததில் அதன் கீழே அதனினும் பழைய அரண்மனைச் சுவடுகள் தோன்றின. இவ்வாறு தொடர்ந்த ஆய்வுகளினால், இன்றைய கைபெங்கின் கீழே ஆறு நகரங்கள் அடுக்கடுக்காகக் கிடப்பது தெளிவாயிற்று. ஏறத்தாழ 3 மீற்றர் ஆழத்தில் சிங் வமிசத்து நகரம். 5, 6 மீற்றரில் மிங் நகரம். அதற்குக் கீழே சின் வமிசத்து நகரம். 8 மீற்றரளவில் சோங் வமிசத்துத் தலைநகரம். அதன் கீழே தாங் காலத்து நகரம். 12 மீற்றரையும் கடந்த ஆழத்தில், கிறிஸ்துவுக்கு முன்னிருந்த வெய் நாட்டின் தலைநகரம். கைபெங் நகர வீதியில் நடப்பவன் ஈராயிரம் ஆண்டு வரலாற்றின்மேல் நடக்கின்றான். அதனினும் வியப்பானது ஒன்றுண்டு. மேலே ஓடும் நடுவீதி எங்கே ஓடுகின்றதோ, அதற்கு நேர் கீழே சோங் காலத்து அரச வீதியும் ஓடுகின்றது. நகரம் ஆறு முறை புதைந்தும் தன் நடு அச்சை மாற்றிக்கொள்ளவில்லை.

அந்நடு வீதி ஒரு கால்வாயைக் கடக்குமிடத்திலே சூ பாலம் என்ற புகழ்பெற்ற பாலம் இருந்தது. 1642ஆம் ஆண்டு வெள்ளம் அதனையும் மூடிற்று. 1984ஆம் ஆண்டில் அதன் இருப்பிடம் கண்டறியப்பட்டது. 2018ஆம் ஆண்டு முதல் முறையாக அகழ்ந்தனர். 2022ஆம் ஆண்டிலே, 3 மீற்றருக்கு மேல் உயர்ந்த கற்சுவரில் கடற்குதிரைகளும், நாரைகளும், மேகங்களும் புடைப்பாகச் செதுக்கப்பட்ட சோங் காலத்துச் சிற்பங்கள் வெளிப்பட்டன. புதைத்த சேறே அவற்றைக் காத்திருந்தது. அதே சேற்றில், வெள்ளத்திலகப்பட்டு மாண்டோரின் எலும்புக்கூடுகளும் கிடைத்தன. மண் சிற்பத்தையும் காட்டிற்று. அந்நகரம் கொடுத்த விலையையும் காட்டிற்று.

ஆறு திருப்பித் தந்தது

1644ஆம் ஆண்டு வந்தது. தலைநகரிலே சோங்சென் சக்கரவர்த்தி படைச்செலவுக்கு வெள்ளி தருமாறு அமைச்சரையும் உறவினரையும் வேண்டினார். இல்லையென்று கைவிரித்தவர்களுள் அரசியின் தந்தையும் ஒருவர். வற்புறுத்தியபின் சிறு தொகை கொடுத்தார். ஏப்ரில் மாதத்தில் லீ ஸிச்செங் பெய்ஜிங்குட் புகுந்தான். சக்கரவர்த்தி அரண்மனைக்குப் பின்னுள்ள குன்றில் தூக்கிட்டு உயிர்விட்டார். அரசனுக்கு இல்லையென்ற செல்வர் வீடுகளிலிருந்து, கிளர்ச்சிப்படை வதைத்து வாங்கிய வெள்ளி மிகப் பெரிது. சில வாரங்களிலே மஞ்சூரியர் வந்தனர், லீ ஓடினான்.

அதே ஆண்டிற் சாங் சியான்சோங் தென்மேற்கே சிச்சுவான் மாகாணத்தைக் கைப்பற்றி, செங்டு நகரில் தன்னை அரசனெனப் பறைசாற்றினான். அங்கே ஆண்ட ஷூ நாட்டு இளவரசன் மிங் இளவரசருள் மிகுந்த செல்வமுடையவன் எனப் பெயர் பெற்றவன். அவனும் நகர்க் காவலுக்குப் பொருள் கொடுக்கப் பின்னின்றான். நகர் வீழ்ந்த நாளில் உயிர் துறந்தான். சாங்கின் ஆட்சியிற் சிச்சுவான் பட்ட பாடு சொல்லுந்தரமன்று. புக்லியோ, மகலாயென்சு என்னும் இரு யேசு சபைப் பாதிரிமார் அக்காலத்திற் செங்டு நகரிலே வாழ்ந்தனர். அங்கே நிகழ்ந்த கொலைகளைப் பற்றிய சாட்சியம் அவர்களால் எஞ்சியது. மக்கள் அருகிப்போன அம்மாகாணத்துக்குப் பிற்காலத்தில் வேறு மாகாணங்களிலிருந்து குடியேற்றம் செய்ய நேர்ந்தது.

1646ஆம் ஆண்டு சாங் தான் திரட்டிய செல்வத்தைப் படகுகளில் ஏற்றிக்கொண்டு ஆற்றுவழியே தெற்கு நோக்கிப் புறப்பட்டான். இரண்டு ஆறுகள் கூடும் ஜியாங்கோவ் என்னுமிடத்தில், மிங் அரசுக்கு விசுவாசமாயிருந்த யாங் சான் என்னும் படைத்தலைவன் வழிமறித்து நெருப்புப் போர் தொடுத்தான். படகுகள் ஒன்றோடொன்று முட்டி எரிந்து மூழ்கின. சாங் பின்வாங்கினான், 1647ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மஞ்சூரியப் படையின் அம்பினால் மாண்டான்.

வெள்ளி எங்கே என்ற கேள்வி மட்டும் சாகவில்லை. கல் எருதும் கல் முரசும் எதிரெதிரே நிற்குமிடத்தில் அது கிடக்கின்றது என்று அம்மாகாணத்துச் சிறுவர் பாடித் திரிந்தனர். 1794ஆம் ஆண்டிலே மீனவர் ஒருவர் ஜியாங்கோவில் வாளுறை ஒன்றைக் கண்டெடுக்க, அரச உத்தியோகத்தர் சில நாள் மூழ்கித் தேடி வெள்ளி எடுத்ததாக உள்ளூர் வரலாற்றுக் குறிப்பொன்று கூறுகின்றது. அதன்பின் அது கட்டுக்கதை என்றே படித்தவர் பலர் கருதினர்.

2005ஆம் ஆண்டிலே ஜியாங்கோவிற் கட்டுமானப் பணி நடந்தபோது, இரண்டாகப் பிளந்து உள்ளே குடையப்பட்ட மரக்கட்டை ஒன்று அகப்பட்டது. அதனுள் ஏழு வெள்ளிக் கட்டிகள் இருந்தன. படகிற் கொள்ளாத வெள்ளியை மரக்கட்டைகளில் அடைத்து மிதக்க விட்டான் என்ற பழங்கதைக்கு அது சான்றாக வந்து வாய்த்தது. செய்தி பரவியதும் திருடர் விழித்துக்கொண்டனர். இரவிலே நீர்மூழ்கி உடை பூண்டு ஆற்றுக்குள் இறங்கினர். புலி உருவம் அமைந்த பொன் முத்திரையொன்றை எடுத்து 80 இலட்சம் யுவானுக்கு விற்றனர். பொலிசார் வலைவீசிப் பிடித்து, 2016ஆம் ஆண்டளவில் அம்முத்திரையையும் வேறு பல பொருள்களையும் மீட்டனர்.

இனியும் தாமதித்தலாகாது என்று 2017ஆம் ஆண்டு ஜனவரியிலே அகழ்வு தொடங்கிற்று. நீர் வற்றிய குளிர்காலத்தில் ஆற்றுக்குள் மண்ணணை கட்டி, இரவும் பகலும் நீர் இறைத்து, வெள்ளம் வருமுன் ஏப்ரில் மாதத்தில் முடித்தனர். அந்த ஒரு பருவத்திலேயே 30,000க்கு மேற்பட்ட பொருள்கள் கிடைத்தன. பின்வந்த பருவங்களையும் சேர்த்தால் 60,000ஐயும் கடக்கும். ஷூ நாட்டு இளவரசனின் பட்டத்து மைந்தனுக்குரிய பொன் முத்திரை 2020ஆம் ஆண்டிற் கிடைத்தது. அதன் நிறை 8 கிலோகிராம், ஏறத்தாழ 17½ இறாத்தல். அது துண்டுகளாக வெட்டப்பட்டிருந்தது. பரம்பரையின் பெருமையெல்லாம் அதனைக் கவர்ந்தவனுக்கு வெறும் பொன் நிறையாகவே தோன்றிற்று. இளவரசர்க்கும் அரசியர்க்கும் பட்டம் வழங்கிய பொன்னேடுகள், சாங் தன் வீரர்க்குப் பரிசளிக்க அடித்த பொற்காசுகள், இரும்பு வாள்கள், ஈட்டிகள் என்பனவும் வெளிவந்தன.

இவற்றின் நடுவே மோதிரங்களும், காதணிகளும், கொண்டையூசிகளும் எண்ணிறந்தன. அவை அரண்மனையாரின் அணிகலன் மட்டுமல்ல. ஊர்தோறும், வீடுதோறும் பெண்களிடமிருந்து பறித்தவை. அவற்றில் எழுத்தில்லை, எழுதுவார் இல்லை. வெள்ளிக் கட்டிகளிலோ எழுத்து உண்டு. சிச்சுவான் மட்டுமன்றி, சாங் கடந்து வந்த நடுச்சீன மாவட்டங்களின் பெயர்களும், நிலவரி, போருக்கான மிகைவரி, இளவரசர் வாழ்வூதியத்துக்கான வெள்ளி என வரியின் வகைகளும் அவற்றிலே காணப்படுகின்றன. பஞ்சத்தில் வாடிய குடியானவன் செலுத்திய அவ்வெள்ளி, எதன் பெயரால் வாங்கப்பட்டதோ அதற்குப் போய்ச் சேரவில்லை. மாவட்டத் திறைசேரியிலிருந்து கிளர்ச்சிக்காரன் கைக்கும், அவன் கையிலிருந்து ஆற்றின் அடிக்கும் சென்றது. மிங் அரசு ஏன் வீழ்ந்தது என்பதை விளக்கப் பெருநூல்கள் பல எழுந்துள்ளன. அவற்றின் சாரத்தை நான்கு இறாத்தல் வெள்ளிக் கட்டி ஒன்றிலே கையால் தடவிப் படிக்கலாம்.

நமது தீவிலும் ஒரு சான்று

இதே மிங் அரசு தன் செல்வம் தழைத்த காலத்தில் நமது தீவுக்கும் வந்தது. கடற்படைத் தலைவர் செங் ஹோ கொணர்ந்த கல்லொன்று, 1409ஆம் ஆண்டு நாளிட்டது, சீனம், தமிழ், பாரசீகம் என்னும் மூன்று மொழிகளில் எழுதப்பட்டது. 1911ஆம் ஆண்டு காலியிலே ஒரு மதகை மூடிக் கவிழ்ந்து கிடந்த நிலையில் அது கண்டுபிடிக்கப்பட்டது. இன்று கொழும்பு நூதனசாலையில் இருக்கின்றது. தெனவரை நாயனாருக்குச் சீனச் சக்கரவர்த்தி அளித்த காணிக்கைகளைத் தமிழ்ப் பகுதி வரிசைப்படுத்துகின்றது. பொன் 1,000; வெள்ளி 5,000; பட்டுக்கள்; நறுமண எண்ணெய் என்று பட்டியல் செல்கின்றது. அக்கோயிலைப் போர்த்துக்கேயர் 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் இடித்தனர். அந்தப் பொன்னில் ஒரு குன்றிமணியும் இன்று நம்மிடம் இல்லை. மதகின்மேற் கிடந்த கல்லிலே பட்டியல் மட்டும் பழுதின்றி இருக்கின்றது.

புதையல் என்ற சொல்லைக் கேட்டதும் நம் சிறார்க்குப் பொன்னும் மணியும் கண்முன் தோன்றும். அதிற் பிழையில்லை. ஆயினும் ஜியாங்கோவ் ஆற்றிலே திருடர் எடுத்ததும் ஆய்வாளர் எடுத்ததும் ஒரே உலோகந்தான். திருடன் அதனை நிறுத்து விலை பேசினான். ஆய்வாளன் அது கிடந்த இடம், ஆழம், அருகிலிருந்த பொருள், மேலிருந்த எழுத்து ஆகியவற்றைக் குறித்துக்கொண்டான். ஆகவேதான் பெயரறியாத குடியானவனின் வரி நமக்குத் தெரியவந்தது. இடம் பெயர்த்து எடுத்த பொருள் பேசுவதை நிறுத்திவிடுகின்றது. திங்லிங்கிற் பட்டு நொறுங்கியதும் அவசரத்தின் பயனே.

நமது ஊர்களிலும் கிணறு வெட்டும்போது, வளவைக் கொத்தும்போது, குளத்தைத் தூர்வாரும்போது பழைய ஓடும் காசும் கல்லும் தென்படுவதுண்டு. அவற்றைக் காணும் மாணாக்கர் அலவாங்கை ஒரு பக்கம் வைத்துவிட்டு, பொருளை இருந்த இடத்திலேயே விட்டு, ஆசிரியருக்கோ தொல்பொருள் திணைக்களத்துக்கோ அறிவித்தல் நன்று. அந்த ஓட்டின் விலை ஒரு சதமும் பெறாமலிருக்கலாம். அதன்மேல் யாரோ ஒருவர் கைப்பட எழுதிய நாலு எழுத்து இருக்குமாயின், பல நூற்றாண்டுக்கு முன் இவ்வூரில் உழைத்து, உண்டு, வரி செலுத்தி வாழ்ந்த ஒரு குடும்பத்தின் கணக்கு அதிலே இருக்கக்கூடும்.